ஆணியால் பெயர் குத்திய தட்டு

மாவு சலிக்கும் சல்லடையைத் தேடித்தான் அவர் பரணில் ஏறினார். கையில் அகப்பட்டது ஓர் அலுமினியத் தட்டு. விளிம்பு இரண்டு இடத்தில் நசுங்கியிருந்தது. அடிப்பக்கத்தில் ஆணியால் புள்ளி புள்ளியாகக் குத்திய இரண்டு எழுத்துகள். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்ற அம்மா அண்ணாந்து பார்த்தார்.

“உன் சத்துணவுத் தட்டுடா அது. பழைய பாத்திரக்காரன் வர்றப்பல்லாம் எடுத்து வைப்பேன். போட மனசு வராது. திரும்ப மேலயே ஏத்திருவேன்.”

சமயபுரத்தில் அது பச்சைப் பட்டினி நாள். மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கியதும் மாரியம்மன் 28 நாள் விரதம் இருக்கிறாள். மற்ற ஊர்களில் சாமிக்காக மனிதர்கள் பட்டினி கிடப்பார்கள். இங்கே மனிதர்களுக்காகச் சாமியே கிடக்கிறாள். அந்த நாட்களில் அவளுக்குச் சமைத்த நைவேத்தியம் கிடையாது. துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர், அவ்வளவுதான். அம்மாவும் வருஷம் தவறாமல் தன்னால் முடிந்த அளவுக்கு அவளோடு சேர்ந்து கிடப்பார். ஊறவைத்த பச்சரிசியோடு வெல்லத்தையும் ஏலக்காயையும் சேர்த்து இடித்தால் கூடம் முழுக்க ஒரு ஈர வாசனை ஏறும். இப்போது மிக்ஸி வந்துவிட்டது. வாசனை அதேதான் என்கிறார் அவர். இல்லவே இல்லை என்கிறார் அம்மா.

அவரை இந்தக் கட்டுரையில் சமயபுரத்துக்காரர் என்றே வைத்துக்கொள்ளலாம். சென்னையில் வேலை பார்க்கிறார், ஐம்பதை நெருங்குகிறார். அந்த வாசனையும் அந்தத் தட்டும் ஒன்றாக வந்ததில் அன்றைக்கு அவருக்கு இரண்டு சாப்பாட்டு வரிசைகள் நினைவுக்கு வந்தன. ஒன்று பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடி வரிசை. இன்னொன்று ஏழாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்கு அப்பால், பனி விழுந்த ஒரு ஊரில்.

1982 ஜூலை 1-ஆம் தேதி திருச்சியை ஒட்டிய பாப்பாக்குறிச்சியில்தான் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். காமராஜர் 1956-லேயே போட்ட மதிய உணவுக்கு அது பெரிய அடுப்பு. அந்த வருஷம்தான் நம் பையன் ஒன்றாம் வகுப்பு. அப்பாவுக்குக் கோயில் பக்கம் தேங்காய் பழக் கடை. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூன்று நாளும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகும். மற்ற நாலு நாளும் ஈ ஓட்டுவதுதான். நான்கு பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு என்பது அந்த நாலு நாளில் கணக்குப் போட வேண்டிய விஷயம். “கவர்மெண்டே போடுதுன்னா சாப்பிட்டு வாங்கடா” என்று சொல்லி, தட்டு வாங்கிவந்து ஆணியால் எழுத்துக் குத்திக் கொடுத்தது அப்பாதான்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் சாம்பார் கொதிக்கும் வாசம் மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடத்துக்குள் நுழைந்துவிடும். மணி அடித்ததும் வரிசை. ஆயா பெரிய கரண்டியால் சாதத்தை வைத்து, நடுவில் குழி பறித்துச் சாம்பார் ஊற்றுவார். தட்டு சுடும். மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டே மரத்தடிக்கு ஓட வேண்டும். ஓடும்போது சிந்தாமல் ஓடுகிறவன்தான் கெட்டிக்காரன்.

ஆனால் அதே மரத்துக்கு இன்னொரு பக்கமும் இருந்தது. அங்கே டிபன் பாக்ஸ் கொண்டுவருகிற பிள்ளைகள் உட்காருவார்கள். யாரும் கோடு கிழிக்கவில்லை. வாத்தியார் யாரும் பிரித்து உட்காரவைக்கவும் இல்லை. எப்படியோ மரத்துக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று ஆகிவிட்டது. நான்காம் வகுப்பில் ஒருவன் அவனை “டேய் சத்துணவு” என்று கூப்பிட்டான். அது பட்டப்பெயராகவே ஒட்டிக்கொண்டது. அதன்பிறகு தட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போகத் தொடங்கினான். ஆறாம் வகுப்பில், திட்டம் பெரிய பிள்ளைகளுக்கும் நீண்டுவிட்டிருந்தபோதும், அவன் வரிசையில் நிற்கவில்லை. பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு மத்தியானம் முழுக்கக் கோலி விளையாடினான். வீட்டில் சாப்பிட்டதாகச் சொன்னான். தட்டு பரணுக்குப் போனது அப்போதுதான்.

பொறியியல் படித்து முடித்தபிறகு வெளிநாட்டுப் படிப்பு எப்படி வந்தது என்றால், அதற்குக் காரணம் ஆசைகூட இல்லை, கட்டணம். அமெரிக்காவுக்கான கணக்கைப் போட்டுப் பார்த்த அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அப்போதெல்லாம் பின்லாந்தின் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கும் படிப்புக் கட்டணம் கிடையாது. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கட்டணம் வந்தது 2017-ல்தான். செலவுக்குப் பணம் இருப்பதாக வங்கிக் கணக்கில் காட்ட மட்டும் அம்மாவின் சங்கிலியும் மாமாவின் கைமாற்றும் தேவைப்பட்டன. விசா கிடைத்தால் அக்னிச்சட்டி எடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டார். கிடைத்தது. எடுத்தார். அந்த வீட்டில் சந்தோஷம் எப்போதும் அந்த வழியாகத்தான் வந்தது. முதலில் ஒரு பயம், அப்புறம் ஒரு வேண்டுதல், பிறகு ஒரு நிம்மதி. பயமில்லாமல் நேரடியாக ஒரு சந்தோஷம் வந்தால் யாருக்கும் நம்பிக்கை வராது. “கண்ணு பட்டுரும்” என்று உப்பு மிளகாய் சுற்றிப் போடுவார்கள்.

அவர் போய்ச் சேர்ந்த ஊர் டாம்பெரே. இரண்டு ஏரிகளுக்கு நடுவே ஒரு நிலத்துண்டு, ஊருக்குள்ளே இரைந்து ஓடும் ஓர் ஆறு, கரையில் பழைய பஞ்சாலைகளின் செங்கல் சுவர்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிற ஸ்ரீரங்கத்தைப் பார்த்து வளர்ந்தவருக்கு ஊரின் அமைப்பு பிடிபட்டுவிட்டது. மனிதர்கள் பிடிபடத்தான் நாளாயிற்று. மாடிப்படியில் எதிரே வருகிறவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டு ஒதுங்கிப் போவார். பேருந்து நிறுத்தத்தில் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் ஓர் ஆட்டோ நிறுத்தலாம். டிசம்பரில் பகல் ஐந்தரை மணி நேரம்தான், அதிலும் சூரியன் வந்ததாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதோடு சரி. விடியற்காலையில் செய்தித்தாள் போடும் வேலைக்குப் போவார். மீசையில் மூச்சு உறைந்து வெள்ளையாகிவிடும். ஒரு தடவை மூன்று நாள் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது கதவை ஒருவரும் தட்டவில்லை. சமயபுரமாக இருந்தால் மூன்று நாளில் முந்நூறு யோசனையும் ஒரு தாயத்தும் வந்திருக்கும்.

முதல் வாரம் பல்கலைக்கழக உணவகத்தில் நின்றதுதான் இரண்டாவது வரிசை. அங்கே மாணவர் சாப்பாட்டு விலையில் ஒரு பகுதியை அரசு கொடுக்கிறது. அட்டையைக் காட்டினால் போதும். தட்டு எடுத்துக்கொள்ள வேண்டும், வேண்டியதை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். உருளைக்கிழங்கு, கேரட் துருவல், கறுப்பு ரொட்டி. குடிக்கத் தண்ணீர், பால், அதோடு ‘பீமா’ என்று ஒன்று. வாயில் வைத்ததும் அவருக்குக் கண் விரிந்தது. மோர்! உப்பும் கறிவேப்பிலையும் போடாத, கொஞ்சம் கெட்டியான, சரியாகப் புளித்த மோர். பக்கத்தில் இருந்த தென் அமெரிக்க மாணவன் முகத்தைச் சுளித்துத் தள்ளிவைத்த தம்ளரையும் வாங்கிக் குடித்தார்.

வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப். நாடு முழுக்க அப்படித்தான், பள்ளி, பட்டாளம், உணவகம் எல்லாவற்றிலும் வியாழன் பட்டாணி சூப்பும் இனிப்பு அடையும். தாளிக்க மறந்துபோன பருப்புக் கடையல் மாதிரி இருக்கும். ஊரிலிருந்து கொண்டுபோன மிளகாய்ப் பொடியைக் காகிதப் பொட்டலத்தில் மடித்துக்கொண்டு போய், யாரும் பார்க்காதபோது தூவிக்கொள்வார். அப்படி ஒரு வியாழக்கிழமை தூவிவிட்டு நிமிர்ந்தபோது, வரிசையில் அவருக்குப் பின்னால் கையில் தட்டோடு நின்றவர் அவருடைய பேராசிரியர். பொட்டலத்தைப் பார்த்தார், கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்டார். தூவிக்கொண்டு, இருமிக்கொண்டே போய் நான்கு மாணவர்களுக்கு நடுவே உட்கார்ந்தார்.

அறைத் தோழன் பின்லாந்துக்காரன், பேச்சு குறைவு. நவம்பர் மாதத்து இருட்டில் ஒரு மாலை, அதிசயமாக அவன் நிறையப் பேசினான். பள்ளியிலும் இப்படித்தானா என்று இவர் கேட்டதற்குப் பதில். ஆமாம், எல்லோருக்கும் இலவசம், காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கும் அதே தட்டுதான். 1943-ல், ரஷ்யாவோடு போர் நடந்துகொண்டிருந்தபோதே சட்டம் போட்டார்கள். 1948-லிருந்து எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயம். அப்போது ஏழை நாடு, பிள்ளைகள் காட்டில் பறித்த பெர்ரிப் பழங்களைப் பள்ளிச் சமையலறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்ததாகப் பாட்டி சொல்வாள் என்றான். அதற்கும் முன்னால், 1866 முதல் 1868 வரை நீடித்த பஞ்சத்தில் நாட்டில் நூற்றுக்கு எட்டுப் பேர் செத்தார்கள், மரப்பட்டையை இடித்து மாவோடு கலந்து ரொட்டி சுட்டார்கள் என்றான். இவருக்குத் தன் பாட்டி சொன்ன தாது வருஷப் பஞ்சம் ஞாபகம் வந்தது. அது பத்தே வருஷம் பிந்தியது. இரண்டு ஊர்ப் பாட்டிகளும் பசியைக் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள்.

“உங்கள் ஊரில் உண்டா?” என்று அவன் கேட்டான்.

உண்டு என்றார். ஏழைப் பிள்ளைகளுக்கு உண்டு என்றார். கொஞ்சம் நேரம் கழித்து, நானும் சாப்பிட்டிருக்கிறேன் என்றார். கல்லூரி நண்பர்களிடம்கூடச் சொல்லாத விஷயம் அது. சொன்னபிறகு காது சூடாகியது. பரிதாபமாக ஏதாவது சொல்வான், அல்லது அரசாங்கத்தைப் பற்றிக் கேட்பான் என்று எதிர்பார்த்தார்.

“நன்றாக இருந்ததா?” என்றான் அவன்.

அதை யாருமே கேட்டதில்லை. வீட்டில் “சாப்பிட்டியா” என்று கேட்பார்கள், பள்ளியில் “சாப்பிடுறியா” என்று கேட்டுச் சிரிப்பார்கள். ருசி எப்படி என்று ஒருவரும் கேட்டதில்லை. அவருக்கே பதில் தெரியவில்லை. சுடுகிற தட்டு, சாதத்தில் பறித்த குழி, சாம்பாரில் மிதந்த முருங்கைக்கீரை என்று ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது! அந்த ஐந்து வருஷ மத்தியானங்களில் மரத்துக்கு இந்தப் பக்கம் அவன் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறான். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் கூப்பிட்ட ஒரு பெயருக்காக அதை மடித்து, சட்டைக்குள் செருகி, கடைசியில் பரணிலும் போட்டிருக்கிறான்.

வெளிநாடு போய்வந்தவர்கள் சந்தோஷத்தைப் பற்றிச் சொல்லும் கதை பொதுவாக இரண்டு வகை. அங்கே எல்லாம் இருக்கிறது, மனுஷன் இல்லை என்பது ஒன்று. இங்கே எதுவுமே உருப்படாது என்பது இன்னொன்று. சமயபுரத்துக்காரருக்கு இரண்டும் சரிப்பட்டு வரவில்லை. அந்த ஊர்க்காரர்கள் சந்தோஷமாக இருந்ததாக அவருக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் அங்கே சாப்பாட்டுக்கு யாரும் வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை, கிடைத்த பிறகு ஒளித்துச் சாப்பிடவும் வேண்டியிருக்கவில்லை. இந்த இரண்டும் இல்லாமலேயே ஒரு நாள் முடியலாம் என்பது அதற்குமுன் அவருக்குத் தெரியாது.

ஊர் திரும்பிய பின்தான் அவர், தன்னைப்போலவே கடல் தாண்டிப் படிக்கப் போனவரான, திருச்சி வரகனேரியில் 1881-ல் பிறந்த வ.வே.சு. ஐயரைப் படித்தார். லண்டனுக்குப் பாரிஸ்டர் படிப்புக்குப் போய், ராஜ விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பட்டம் வாங்காமல் வந்தவர். சீக்கியர் வேஷத்தில் தப்பியபோது பெட்டியில் இருந்த ‘வி.வி.எஸ்.’ எழுத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்ட உளவாளியிடம், அது ‘வீர விக்ரம் சிங்’ என்று சமாளித்தவர் என்ற கதை தமிழ்நாட்டுக்கே தெரியும். சமயபுரத்துக்காரரைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு காட்சி. 1909-ல் லண்டனில் இந்திய மாணவர்கள் நடத்திய விஜயதசமி விருந்து. சமையல் வேலைக்கு வந்த தொண்டர்களில் ஸ்ரீரங்கத்து டாக்டர் தி.சே.சௌ. ராஜனும் ஒருவர். பாத்திரம் கழுவவும் காய் திருத்தவும் ஒல்லியான ஒருவர் தானாக வந்து சேர்ந்துகொண்டார். மாலையில் ஐயர் வந்தபிறகுதான் தெரிந்தது, அன்றைய விருந்துக்குத் தலைமை வகிக்க வந்த காந்திதான் அவர் என்று. பின்னாளில் ராஜன் நினைவுகூர்ந்த சம்பவம் இது.

அப்படியொரு பந்தியைப் பார்த்துவந்த ஐயர் 1922-ல் சேரன்மாதேவியில் குருகுலம் தொடங்கினார். அவர் தனக்கென்று தனிப்பந்தி வைத்துக்கொண்டவர் அல்ல. ஆனாலும் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்கு, பெற்றோரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, தனியாகச் சாப்பாடு போட ஒப்புக்கொண்டார். இரண்டே இரண்டு தட்டு. தமிழ்நாடு காங்கிரஸே அதில் ஆடிப்போயிற்று. பெரியார் அந்தக் கட்சியை விட்டு விலகும் அளவுக்குப் போன மனத்தாங்கல்களில் அதுவும் ஒன்று. 1925-ல் ஐயர் பொறுப்பை விட்டு விலகினார். அதே வருஷம் ஜூனில் பாபநாசம் அருவியில் மகள் சுபத்திராவைக் காப்பாற்றக் குதித்து மாண்டார். வீரத்தில் குறைவில்லாத மனிதர். அவரால் முடியாமல் போனது இரண்டு அப்பா அம்மாவிடம் ‘முடியாது’ என்று சொல்வது மட்டும்தான். கடல் தாண்டினால் மனசு மாறிவிடும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். ஊர் திரும்பி இலை போடும்போதுதான் எவ்வளவு மாறியது என்று தெரிகிறது.

2018-ல் உலக மகிழ்ச்சி அறிக்கையில் பின்லாந்து முதலிடம் என்று செய்தி வந்தது. இந்தியா 156 நாடுகளில் 133. சமயபுரத்தில் டீக்கடை வரைக்கும் விஷயம் போய்விட்டது. “நீ இருந்த ஊருதானாமே? அப்புறம் ஏன்டா திரும்பி வந்தே?” என்று மாமா கேட்டார். இவர் அறைத் தோழனுக்கு எழுதினார். தப்பான ஆட்களிடம் கேட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்த வருஷத்திலிருந்து 2025 வரை எட்டு வருஷம் தொடர்ந்து அந்த நாடுதான் முதல்.

யாரும் அவர்களுடைய சிரிப்பை எண்ணிப் பார்த்து இந்த இடத்தைக் கொடுக்கவில்லை. ஹேட்லி கான்ட்ரில் என்ற அமெரிக்க உளவியலாளர் 1965-ல் வகுத்த ஒரே கேள்விதான். ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள், அடிப்படி பூஜ்யம், உச்சிப்படி பத்து. உச்சியில் உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிக நல்ல வாழ்க்கை, அடியில் மிக மோசமானது. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? காலப் நிறுவனத்தார் இதைக் கேட்டு, மூன்று வருஷப் பதில்களின் சராசரியை எடுக்கிறார்கள். பின்லாந்துக்காரர்கள் ஏழே முக்கால் படியைச் சொல்கிறார்கள்.

பரணிலிருந்து இறங்கிய அன்று அம்மாவிடம் இதை விளக்கிச் சொல்லி, நீ எந்தப் படி என்று கேட்டார். அம்மா மாவு சலிப்பதை நிறுத்தவில்லை.

“படி கிடக்கட்டும். ஏணிய யாரு புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்கன்னு அதுல கேக்க மாட்டாங்களா?”

கேட்கத்தான் செய்கிறார்கள். ஆபத்துக்கு உதவ உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா என்றும் அந்தக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி உண்டு. அதை அவர் சொன்னபோது அம்மாவுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இப்போது ஊரும் அப்படியே இல்லை. 2021 செப்டம்பரிலிருந்து சமயபுரம் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. அடுத்த வருஷம் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023-ல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று கிழமைக்கு ஒன்று. இதில் யார் ஏழை, யார் இல்லை என்று பிரிப்பதில்லை, அந்தப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால் போதும். ஆனால் வசதி உள்ளவர்கள் பிள்ளைகளை அந்தப் பள்ளியிலேயே சேர்ப்பதில்லை. சமயபுரத்துக்காரரும் சேர்க்கவில்லை. மரத்துக்கு அந்தப் பக்கம் இப்போது நாலு பேருந்து தள்ளிப் போயிருக்கிறது என்பதை அவர் மறுக்கமாட்டார்.

மறுநாள் மகளை அன்னதானத்துக்குக் கூட்டிப்போனார். நடந்தே வந்திருந்த மஞ்சள் புடவைப் பெண்கள், டோல்கேட்டிலிருந்து வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், தலையில் சந்தனம் பூசிய மொட்டைக் குழந்தைகள் என்று வரிசை நீண்டிருந்தது. மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கிழவி தன் அப்பளத்தை எடுத்து அவள் இலையில் வைத்தாள், கேட்காமலே. பெண் திகைத்து அப்பாவைப் பார்த்தாள். சாப்பிடு என்று தலையாட்டினார். ரசத்தில் அன்றைக்கு உப்பு சற்று தூக்கல். சாம்பார் நன்றாக இருந்தது.

சென்னைக்குத் திரும்பும்போது தட்டை எடுத்துப் போகலாம் என்று அவர் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தார். அம்மா கொடுக்கவில்லை. பரணிலும் ஏற்றவில்லை. இப்போது அது சமயபுரத்து வீட்டில் மோர்ச்சட்டிக்கு மூடியாக இருக்கிறது. எழுத்துக் குத்திய பக்கம் மேலே தெரிகிறது.